துயிலெழாக் கணினி

பள்ளியின் கணினி அறைக்குள் நுழையும் மாணவர், விசையை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வதற்குள் திரையில் ஒளி தோன்றிவிடுகிறது. சிறிது நேரத்தில் எழுதவும் படிக்கவும் வரையவும் ஏற்ற நிலையில் அப்பொறி காத்து நிற்கிறது. நாள்தோறும் நிகழ்வதால் இதனை நாம் வியப்பதில்லை. ஒருநாள் திரை இருண்டே நின்றாலோ, நீலநிறம் பூண்டு விளங்காத ஆங்கிலத் தொடர் ஒன்றைக் காட்டிவிட்டு மீண்டும் மீண்டும் அணைந்து எரிந்தாலோ, அப்பொழுதுதான், 'இதுநாள்வரை இஃது எவ்வாறு விழித்தெழுந்தது?' என்னும் வினா நம் உள்ளத்தில் பிறக்கிறது. உடல் நலமாக இருக்கும்வரை நாடித்துடிப்பை யார் எண்ணிப் பார்க்கின்றனர்?

கணினி இவ்வாறு எழாமற்போவது, அதன் இயக்க அமைப்பைப் புதுப்பித்த பின்னரே பெரிதும் நேர்கிறது என்பர். இக்கூற்றில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாமையால், நல்ல கணினியைப் பழுதென்று ஒதுக்கியோரும், பல்லாண்டு தேடிச் சேர்த்த எழுத்துகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டு வருந்தியோரும் பலர். அவ்வருந்துவோர் கூட்டத்தில் நானும் சேர்ந்திருக்க வேண்டியவன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் கணினி விழித்தெழும் முறையை அறிதல் வேண்டும். மின்சாரம் பாயாதபோது கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கும். எச்செயலைச் செய்வதற்கும் கணினிக்கு ஒரு நிரல் வேண்டும். தட்டில் உறங்கும் நிரலை நினைவகத்திற்குக் கொண்டுவருவதும் ஒரு செயலே ஆதலின், அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்நிரலைக் கொண்டுவர மற்றொரு நிரல் வேண்டும். இவ்வாறே சென்றால் முடிவு ஏது? தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்ளுதல் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்குண்டு. கணினியைத் தொடங்குவதற்குப் 'பூட்' என்னும் பெயர் அவ்வழக்கிலிருந்து வந்ததே. தன் தோள்மேல் தானே ஏறி நிற்க முயல்வதைப் போன்றது இது.

இச்சிக்கலை அறிஞர் தொடக்கத்திலேயே கண்டனர். 1952-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 701 என்னும் பொறியில் இதற்கெனவே ஒரு விசை இருந்தது. அதனை அழுத்தினால், துளையிட்ட அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ ஒரே ஒரு சொல்லளவு கட்டளை மட்டும் நினைவகத்துள் புகும். அக்கட்டளை தனக்கு அடுத்தவற்றை அழைக்கும். அவை மேலும் பலவற்றை அழைக்கும். விரலளவு கயிற்றைப் பற்றி, அதனோடு பிணைந்த வடத்தை இழுத்து, வடத்தால் தேரையே இழுத்துவிடும் உத்தி இது.

இன்றைய கணினிகளில் அம்முதற்கயிறு, தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அவ்வெழுத்து அழிவதில்லை. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் அதற்குப் பயாஸ் என்று பெயர். அதன் வழித்தோன்றலாகிய யூ.இ.எஃப்.ஐ. என்பதே இன்று பெரும்பாலான கணினிகளில் உள்ளது. விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது இதுவே. செயலி, நினைவகம் முதலியவை செவ்வனே இருக்கின்றனவா என்று இது சோதிக்கும். பின்னர், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று தன் குறிப்பைப் பார்த்து, அத்தட்டிலுள்ள தொடக்க ஏற்றி என்னும் நிரலை அழைக்கும். தொடக்க ஏற்றி, இயக்க அமைப்பின் உட்கருவையும் அதற்கு உடனடியாக வேண்டிய இயக்கிகளையும் நினைவகத்துள் கொணரும். இயக்கி என்பது மொழிபெயர்ப்பாளனைப் போன்றது. உட்கரு கூறுவது தட்டுக்கும் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் நேரே விளங்காது. ஒவ்வொன்றிற்கும் உரிய இயக்கி இடைநின்று அதனை விளக்கும். இவையெல்லாம் முடிந்த பின்னரே, நம் பெயரையும் மறைச்சொல்லையும் கேட்கும் திரை தோன்றுகிறது.

கோயில் திருவிழாவில் ஒருவர் கையிலுள்ள பந்தத்திலிருந்து அடுத்தவர் தம் பந்தத்தை ஏற்றிக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கணினியின் தொடக்கமும் அத்தகையதே. சுடர் எந்தக் கையில் நின்றுவிட்டது என்று பார்த்தால், எங்கே எண்ணெய் வற்றியது என்று கூறிவிடலாம்.

இனி, இயக்க அமைப்பைப் புதுப்பித்தல் என்பது யாது? குடியிருக்கும் வீட்டிலேயே தூணையும் உத்தரத்தையும் மாற்றுவதைப் போன்றது அது. தொடக்க ஏற்றி மாறும், உட்கரு மாறும், இயக்கிகளுள் பல மாறும், நம் கடிதங்களும் படங்களும் மட்டும் இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும். வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றுபோகலாம். தட்டில் போதிய இடம் இல்லாதிருக்கலாம். பழைய அச்சுப்பொறிக்கோ திரைக்கோ உரிய மொழிபெயர்ப்பாளன், புதிய உட்கருவின் பேச்சை அறியாதவனாக இருக்கலாம். இவையன்றி, நெடுநாளாக நலிந்து வந்த தட்டு ஒன்று, ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் படிக்கவும் எழுதவும் நேரும்போது அயர்ந்து விழுவதும் உண்டு. விழுந்தது புதுப்பித்த நாளிலேதான். ஆயினும் நோய் பழைய நோய்.

ஆகவே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வடமொழியாளர் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தமையாலேயே முன்னது காரணம், பின்னது காரியம் என்று கொள்ளலாகாது. ஆனால், காக்கையின்மேல் பழியே இல்லை என்று எப்பொழுதும் துணிந்துவிடவும் கூடாது; சில வேளைகளில் காக்கையே பழத்தைக் கொத்தித் தள்ளுகிறது.

2018-ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்தது அத்தகையது. செயலிகளில் கண்டறியப்பட்ட மெல்ட்டௌன், ஸ்பெக்டர் என்னும் இரு குறைகளுக்குக் காப்பாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் பழைய செயலிகள் சிலவற்றைக் கொண்ட கணினிகள், அத்திருத்தத்தை ஏற்ற பின்னர்த் தொடங்கவே இல்லை. செயலியைப் பற்றித் தனக்குத் தரப்பட்ட குறிப்புகளுக்கும் செயலியின் உண்மை நடைக்கும் வேறுபாடு இருந்ததென்று மைக்ரோசாஃப்ட் கூறி, அக்கணினிகளுக்கு மட்டும் திருத்தம் அனுப்புவதைச் சில நாள் நிறுத்தி வைத்தது. இங்கே புதுப்பித்தலே காரணம் என்பதில் ஐயமில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நிகழ்ந்ததோ உலகமே அறிந்தது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், கணினிகளைப் பகைநிரல்களிலிருந்து காக்கும் பணியைச் செய்வது. அதன் காவல்நிரல், இயக்க அமைப்பின் உட்கருவோடு ஒட்டி அமர்ந்து வேலை செய்யும். அன்று நம் நாட்டு நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்தில் அந்நிறுவனம் புதிய குறிப்புக்கோப்பு ஒன்றை அனுப்பியது. அக்கோப்பின் துணையோடு, காவல்நிரல் தனக்குத் தரப்பட்டிருந்த 20 மதிப்புகளுக்கு அப்பால் 21-ஆவது ஒன்றையும் படிக்க முயன்றது; இல்லாத இடத்தை எட்டிப் பார்த்தது. உட்கருவின் மடியில் அமர்ந்தவன் தடுமாறினால் உட்கருவும் தடுமாறும் அன்றோ? கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன, மீண்டும் தொடங்கின, மீண்டும் நின்றன. 78 நிமிடத்தில் பிழையை உணர்ந்து நிறுவனம் அக்கோப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் வீழ்ந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. உலகெங்கும் வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகள் திகைத்தன, நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணியர்க்கு அட்டைகளைக் கையால் எழுதித் தந்தனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கன இரண்டு. வீழ்ந்தவை விண்டோஸ் கணினிகள் ஆதலின், விண்டோஸின் புதுப்பித்தலே காரணம் என்று பலர் முதலில் எண்ணினர். போதாக்குறைக்கு, அதற்குச் சில மணி நேரம் முன்னர், அமெரிக்காவின் நடுப்பகுதியில் மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கணிப்பணியில் வேறொரு தடை ஏற்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்று மயங்கினோர் பலர். ஆயினும் அவை தொடர்பற்றவை. இரண்டாவது, அதனைத் தீர்த்த முறை. கணினி முழுமையாக எழாத நிலையில் இணையத்தின் வழியே மருந்து அனுப்புதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே, பணியாளர் ஒவ்வொரு கணினியின் முன்னும் சென்று அமர்ந்து, பாதுகாப்பு முறையில் அதனை எழுப்பி, அந்த ஒரு கோப்பை மட்டும் தேடி அழிக்க நேர்ந்தது. பாதுகாப்பு முறை என்பது, இன்றியமையாத இயக்கிகளை மட்டும் கொண்டு, மற்ற துணைவர் அனைவரையும் வாயிலிலேயே நிறுத்திவிட்டுத் தொடங்குவது. அவ்வாறு தொடங்கினால் கணினி எழுகிறதென்றால், குற்றவாளி வாயிலில் நிறுத்தப்பட்டோருள் ஒருவன் என்பது தெளிவு. ஒரு கோப்பை அழிக்க வேண்டிய இடத்தில், தட்டு முழுவதையும் அழித்துவிடத் தேவையில்லை.

இனி என் கணினிக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். என் ஆசிரியர் சங்கப்பாடல்களுக்கு வாய்மொழியாக உரைத்த விளக்கங்களை நான் இளமையில் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தேன். அவற்றுட் பாதியைச் செல் அரித்துவிட்டது. எஞ்சியவற்றை ஐந்தாண்டுகளாகக் கணினியில் தட்டெழுதி வந்தேன். ஒரு பக்கத்தைத் தட்டெழுதி முடித்தபின், பொடியாய் உதிரும் அப்பக்கத்தை மீண்டும் படிப்பது பல வேளைகளில் இயலாது. ஆகவே கணினியில் உள்ளதே மூலம். அதற்கு வேறு படியொன்று எடுத்து வைக்க வேண்டும் என்னும் அறிவு எனக்கு அந்நாளில் இல்லை.

விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்பிற்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனை அறிந்து, என் கணினியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றச் செய்தேன். ஏற்றியவர் சில்லின் அமைப்புகளுள் இரண்டொன்றை மாற்ற வேண்டும் என்று கூறி மாற்றினார். மூன்று நாள் கணினி குறைவின்றி நடந்தது. பின்னர்ப் பொங்கலுக்காக வீட்டிற்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தமையால், கணினியின் மின்கம்பியைக் கழற்றி, துணி போர்த்து, இரண்டு நாள் கூடத்தின் மூலையில் வைத்திருந்தோம். மீண்டும் மேசையில் ஏற்றி விசையை அழுத்தியபோது நீலத்திரை தோன்றியது. தொடங்குவதற்குரிய தட்டை அணுக இயலவில்லை என்னும் பொருளுடைய தொடர் அதில் காணப்பட்டது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "புதிய விண்டோஸ் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால்தான் சரியாகும்," என்றார். எனக்கு மேனி நடுங்கிற்று. ஒருநாள் பொறுக்குமாறு வேண்டிக் கணினியைத் திரும்பப் பெற்று வந்தேன்.

மின்பொறிகளைப் பழுதுபார்க்கும் பழைய மாணாக்கர் ஒருவர் எனக்கு உண்டு. பள்ளியில் இலக்கணத்தில் அவருக்கு அத்துணை ஈடுபாடு இல்லை. ஆனால் எதையும் 'ஏன்?' என்று கேட்காமல் விடமாட்டார். அவர் வந்ததும் கணினியைத் தொடவில்லை. என் எதிரில் அமர்ந்து வினவத் தொடங்கினார்.

"ஐயா, புதுப்பித்த பின்னர் இஃது எத்தனை முறை நன்றாகத் தொடங்கிற்று?"

"மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் தொடங்கினேன். ஒரு குறையும் இல்லை."

"அப்படியானால், புதுப்பித்தது மட்டும் காரணமாக இருக்க இயலாது, ஐயா. நன்றாகத் தொடங்கிய கடைசி வேளைக்கும், தொடங்காத முதல் வேளைக்கும் இடையில் என்ன நிகழ்ந்தது? அதைச் சொல்லுங்கள்."

வெள்ளையடித்ததைக் கூறினேன். அவர் தலையசைத்துக்கொண்டார்.

அடுத்து அவர் செய்தது நோயைத் தீர்ப்பதன்று, பொருளைக் காப்பது. லினக்ஸ் என்னும் மற்றோர் இயக்க அமைப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து கணினியைத் தொடங்கி, என் தட்டைத் திறந்து, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வெளித்தட்டில் படியெடுத்தார். என் ஆசிரியரின் விளக்கங்கள் ஒவ்வொன்றாக அத்தட்டிற்குச் செல்வதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் அதிலிருந்து வேறொன்றும் அறிந்துகொண்டார். "லினக்ஸால் படிக்க முடிகிறது, ஆகவே தட்டும் நலம், கம்பியும் நலம். விண்டோஸால் மட்டுமே தட்டை அடைய முடியவில்லை. இடையில் வழி மாறியிருக்கிறது," என்றார்.

மாணவர்களே, பந்தத்தின் சுடர் எங்கே நின்றது என்று அவர் எவ்வாறு கண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். விசையை அழுத்தியும் விளக்கெரியவில்லை, விசிறி சுழலவில்லை எனின், மின்சாரத்தையும் மின்வழங்கியையும் பார்க்க வேண்டும். இயக்க அமைப்பு அந்நிலையில் இன்னும் அழைக்கப்படவே இல்லை. சில்லின் நிரலையும் சேர்த்துப் புதுப்பித்திருந்தாலன்றி, அழைக்கப்படாதவன்மேல் குற்றம் சாட்டுதல் முறையன்று. விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்து, ஒலிக்குறி மட்டும் கேட்பின், நினைவகப் பலகை தன் இடத்தில் தளர்ந்திருக்கலாம். தொடங்குவதற்குத் தட்டே இல்லை என்று கருந்திரையில் வெள்ளெழுத்துத் தோன்றினால், சில்லு தன் கடமையைச் செய்துவிட்டுக் கைநீட்டி நிற்கிறது; நீட்டிய கையைப் பற்ற அடுத்தவன் இல்லை என்பது பொருள். நீலத்திரையோ இவற்றினும் உள்ளே சென்றபின் நேர்வது. உட்கரு எழுந்துவிட்டது, மேலே சென்றால் எழுத்துகள் சிதையக்கூடும் என்று அஞ்சித் தானே நின்றுவிட்டது. அதனைக் கணினியின் சாவு என்று கருதுவோர் பலர். உண்மையில் அது காவலன் எழுப்பும் கூக்குரல். அத்திரையில் காணும் தொடரை ஓரெழுத்தும் மாறாமல் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 'ஏதோ நீலமாக வந்தது' என்பது மருத்துவரிடம் 'எங்கோ வலிக்கிறது' என்பதைப் போன்றது.

புதுப்பித்தலே காரணம் என்று தெளிவானாலும் பின்வாங்க வழியுண்டு. விண்டோஸ், தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடங்க இயலாமற்போனால், பழுதுநீக்கும் திரையைத் தானே காட்டும். கடைசியாக வந்த திருத்தத்தை அங்கிருந்து நீக்கலாம். பாதுகாப்பு முறைக்குச் செல்லலாம். விண்டோஸ் 11-க்கு மாறியவர், பொதுவாக 10 நாளுக்குள் பழைய அமைப்பிற்குத் திரும்பலாம். அதுவரை பழையது தட்டிலேயே வைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் வகைகளுட் பல, புதிய உட்கருவை ஏற்றினாலும் பழையதையும் வைத்துக்கொண்டு, எதிலிருந்து தொடங்க விருப்பம் என்று கேட்கும். தட்டு பிட்லாக்கர் என்னும் பூட்டினால் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்கங்கள் கொண்ட திறவெண் வேண்டும். 2024-இல் பல நிறுவனங்களின் பணியாளர் இவ்வெண்ணைத் தேடியே பொழுதைப் போக்கினர். எண்களைச் சேமித்து வைத்திருந்த கணினியும் வீழ்ந்து கிடந்தது என்றால் அவர் நிலையை என்னென்பது! இவ்வெண்ணைக் கணினிக்குள் அன்றி வேறிடத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

எவ்வழியைக் கையாண்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, தொடங்கிப் பார்த்து, விளைவைக் குறித்துக்கொண்டு, பின்னர் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நான்கு மருந்தை ஒருசேரக் கொடுத்து நோய் தீர்ந்தால் எது தீர்த்தது என்று தெரியாது. தீராவிடில் எது கெடுத்தது என்றும் தெரியாது.

என் மாணாக்கர் சில்லின் அமைப்புத் திரையைத் திறந்தார். அதன் மூலையில் நாளும் நேரமும் காணப்பட்டன. 2019 ஜனவரி 1 என்று இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, குற்றவாளி கிடைத்துவிட்டான்," என்றார்.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. அதன் பெயர் சி.ஆர். 2032, அதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர் என்பதை அவ்வெண்ணே கூறிவிடும். 3 வோல்ட் மின்னழுத்தம் தருவது. கணினியின் கடிகாரம் ஓடவும், என்னுடையதைப் போன்ற கணினிகளில் சில்லின் அமைப்புகள் மறவாதிருக்கவும் அது துணைசெய்கிறது. மின்கம்பி சுவரில் பொருந்தியிருக்கும்வரை, கணினி அணைந்திருப்பினும் சிறு மின்னோட்டம் தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டிருக்கும். அதனால் மின்கலம் வற்றியது ஒருவருக்கும் தெரிவதில்லை. கம்பியைக் கழற்றிய இரண்டு நாளில் கணினி தன் நினைவையெல்லாம் இழந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அமைப்புகளுக்குத் திரும்பிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் புதிய தட்டைப் பொருத்தியவர், தட்டோடு பேசும் முறையை மாற்றி வைத்திருந்தார். அம்முறையைக் கொண்டே விண்டோஸ் வாழ்ந்து வந்தது. அது பழைய முறைக்கு மாறிவிடவே, விண்டோஸ் எழுந்து தட்டைத் தேடியது, காணாமல் நின்றது. இரண்டு முறைகளையும் அறிந்திருந்த லினக்ஸ் தடையின்றிப் படித்தது. புதுப்பித்தலுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.

புதிய மின்கலம் 50 ரூபாய்க்கும் குறைந்த விலையில் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது. அதனைப் பொருத்தி, நாளைத் திருத்தி, தட்டின் முறையை மட்டும் மாற்றிவிட்டு விசையை அழுத்தினார். விண்டோஸ் ஒன்றும் நேராததுபோல் எழுந்து நின்றது. அதன் பின்னரே, விண்டோஸ் 11-க்காக மாற்றியிருந்த மற்ற இரண்டு அமைப்புகளையும் ஒவ்வொன்றாக மீட்டு, ஒவ்வொரு முறையும் தொடங்கிப் பார்த்து, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுச் சென்றார். அன்று மாலை என் கோப்பைத் திறந்தேன். வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பாதியில் விட்டெழுந்த தொடர் அவ்வாறே நின்றுகொண்டிருந்தது. குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு எஞ்சிய பாதியைத் தட்டெழுதி முடித்தேன்.